எட்டாம் பக்கத்தில் மூடிக் கிடக்கும் ஓடுபாதை

விமானிகளுக்கான எச்சரிக்கை அறிவிப்புகளான நோட்டாம்களை வெளியிடும் வான்வழித் தகவல் பிரிவு அதிகாரிகளுக்கும், அவற்றைத் தொகுத்து எங்கள் கையில் கொடுக்கும் விமான நிறுவனங்களின் இயக்கப் பிரிவினருக்கும் வணக்கம்.

சுற்றறிக்கை கிடைத்தது. பறப்பதற்கு முன் எல்லா நோட்டாம்களையும் விமானிகள் முழுமையாகவும் கவனமாகவும் படிக்க வேண்டும் என்று மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். படித்துப் புரிந்துகொண்டேன் என்று கையெழுத்தும் போட்டுவிட்டேன். எங்கேயாவது ஒரு விமானம் இறங்கக்கூடாத இடத்தை நோக்கி இறங்கினால் சில வாரங்களில் இந்தச் சுற்றறிக்கை வரும் என்பது எங்களுக்குப் பழகிவிட்டது. நோட்டாம் மட்டும் அப்படியே இருக்கும்.

நான் ஒரு துணை விமானி. கேட்க வந்தது ஒன்றே ஒன்று. உயிரைப் பறிக்கக்கூடிய அறிவிப்புகளை மேலே வையுங்கள். மூடிய ஓடுபாதை, நீளம் குறைக்கப்பட்ட ஓடுபாதை, வேலை செய்யாத இறங்கு வழிகாட்டிக் கருவி, இவை முதல் பக்கத்தில் வரட்டும். மற்றவை எல்லாம் அப்புறம்.

எங்கள் கைக்கு வருவது எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஒருமுறை என்னோடு உட்கார்ந்து பாருங்கள். புறப்பாட்டுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னால் வந்து சேர்கிறோம். வானிலை, எரிபொருள், எடை, விமானத்தில் பழுதாகிக் கிடக்கும் கருவிகள் என்று எல்லாவற்றையும் அதற்குள் பார்த்தாக வேண்டும். நோட்டாமுக்கு மிஞ்சுவது சில நிமிஷங்கள். கிளம்பும் இடம், சேரும் இடம், மாற்று விமான நிலையங்கள், வழியில் கடக்கும் வான்வெளிகள் என எல்லாவற்றுக்குமான அறிவிப்புகள் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பக்கம் பக்கமாக நிற்கும்.

அதில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் ஒரு வரிசை எண். பிறகு ஒரு சங்கேத வரி. பிறகு 2511081830 என்று பத்து இலக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும். 2025 நவம்பர் 8, 18:30 மணி என்று அதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அதுவும் உலகப் பொது நேரம். இறங்கும் ஊரில் அது மறுநாளாகக்கூட இருக்கலாம். முடியும் நேரத்துக்கு இன்னொரு பத்து இலக்கம். நான் போய் இறங்கும் நேரம் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறதா என்று மனக்கணக்குப் போட்ட பிறகுதான் செய்திக்கே வர முடியும். செய்தியோ முழுக்கப் பெரிய எழுத்தில், பாதிச் சொற்களில் உயிரெழுத்தைப் பிடுங்கிப்போட்ட சுருக்கங்களில் இருக்கும். டெலிபிரிண்டர் காலத்தில் எழுத்தை மிச்சம் பிடிக்க உண்டான வழக்கம். இன்று எதை மிச்சம் பிடிக்கிறோம் என்று தெரியவில்லை.

இவ்வளவும் செய்து பிரித்தால் கிடைப்பது, ஓடுபாதையிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் தள்ளி நிற்கும் ஒரு கிரேனின் உச்சி விளக்கு எரியவில்லை என்ற தகவல். அடுத்தது புல் வெட்டும் வேலை. அடுத்தது பறவைகள் நடமாடலாம் என்ற எச்சரிக்கை. பறவை நடமாடாத விமான நிலையம் எங்கே இருக்கிறது? அப்புறம் நாங்கள் நிற்கவே போகாத ஒரு நிறுத்துமிடத்தின் கோடு அழிந்திருக்கிறது. இதற்கெல்லாம் நடுவில், அதே எழுத்து, அதே அளவு, அதே கறுப்பு மையில், ஓடுபாதை மூடியிருக்கிறது என்ற ஒரு வரி.

சான்பிரான்சிஸ்கோவில் 2017 ஜூலை 7 இரவு நடந்ததை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டொராண்டோவிலிருந்து 140 பேரோடு வந்த ஏர் கனடா 759 விமானம், ஓடுபாதை என்று நினைத்து, விமானங்கள் தரையில் ஊர்ந்து செல்லும் பாதையான டாக்ஸிவேயை நோக்கி இறங்கியது. அங்கே புறப்படக் காத்திருந்தவை நான்கு விமானங்கள். தரையிலிருந்து சுமார் 60 அடி வரை இறங்கிவிட்டுத்தான் அது மேலே எழுந்தது. அது இறங்க வேண்டிய ஓடுபாதைக்கு இணையாக இருந்த 28 இடது ஓடுபாதை அன்று மூடப்பட்டு, விளக்குகள் அணைந்து கிடந்தன. அதனால் தாங்கள் இறங்க வேண்டிய ஓடுபாதையை இடது ஓடுபாதை என்றும், டாக்ஸிவேயைத் தங்கள் ஓடுபாதை என்றும் விமானிகள் எண்ணிவிட்டார்கள். இடது ஓடுபாதை மூடிய செய்தி விமானிகளிடம் இருந்தது. 27 பக்கத் தொகுப்பில் எட்டாம் பக்கத்தில் இருந்தது. விமானிகள்மேல் தவறே இல்லை என்று நான் வாதாடவில்லை. வழிகாட்டிக் கருவியின் அலைவரிசையை அமைக்காமல் விட்டதையும் விசாரணை சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தச் செய்தியைக் கொடுத்த விதமே அதன் முக்கியத்துவத்தை உணர்த்தவில்லை என்றும் அதே விசாரணைதான் சொன்னது. நோட்டாம் என்பது யாரும் கவனிக்காத குப்பை என்று அன்றைய அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத் தலைவர் ராபர்ட் சம்வால்ட் வெளிப்படையாகவே சொன்னார். நான் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும்.

சரி, அது பழைய கதை என்பீர்கள். 2023 செப்டம்பரில் மெல்பர்னில், இரண்டு வாரத்துக்குள் இரண்டு பெரிய விமானங்கள், ஓடுபாதை நீளம் குறைக்கப்பட்டிருப்பதை உணராமலே கிளம்பி, பராமரிப்பு வேலை நடந்த பகுதிக்கு மேலே தாழப் பறந்து போயின. அங்கேயும் நோட்டாம் இருந்தது.

நோட்டாம் எப்போதும் இருக்கிறது. அதுதான் சிக்கலே. வெளியிட்டாயிற்று, எங்கள் கடமை முடிந்தது என்று ஆவணம் சொல்லும். யாராவது படிக்கும்படி வெளியிட்டோமா என்று எந்த ஆவணமும் கேட்பதில்லை. 2023 ஜனவரி 11 அன்று அமெரிக்காவில் நோட்டாம் கணினி அமைப்பு செயலிழந்தபோது, நாடு முழுவதும் புறப்பாடுகளை நிறுத்திவைத்தார்கள். இந்தத் தாள்கள் இல்லாமல் பறப்பது அவ்வளவு ஆபத்தாம். ஒப்புக்கொள்கிறேன். கையில் இருந்தும் கண்ணில் படாமல் பறப்பதற்கு மட்டும் ஏன் யாரும் எதையும் நிறுத்துவதில்லை?

முடியாத காரியத்தையும் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு நோட்டாமிலும் கியூ என்ற எழுத்தில் தொடங்கும் ஐந்தெழுத்துக் குறியீடு ஏற்கெனவே இருக்கிறது. கியூ எம்ஆர் எல்சி என்றால் ஓடுபாதை மூடப்பட்டது என்று பொருள். மூடிய ஓடுபாதைகளைப் பொறுக்கி எடுத்து முதல் பக்கத்தில் போட ஒரு கணினிக்கு இது போதும். பனிக்கு ஸ்னோடாம், எரிமலைச் சாம்பலுக்கு ஆஷ்டாம் என்று தனித்தனி வடிவம் கண்டவர்கள்தானே நீங்கள்? ஓடுபாதை மூடியிருப்பது சாம்பலைவிட அற்பமா?

இன்னொன்று. நோட்டாம் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கக்கூடாது என்பது உங்கள் நடைமுறையிலேயே உள்ளது. நிரந்தரமான விஷயம் வான்வழித் தகவல் நூலுக்குப் போக வேண்டும். பழையவற்றைக் களைய 2021-இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ உலக அளவில் ஓர் இயக்கமே நடத்தியது. ஆனாலும் காலாவதி நாள் வரும்போது அதே வாசகம் புதிய எண்ணோடு திரும்பி வந்துவிடுகிறது. எண் புதிதாக இருப்பதால் நாங்களும் புதிதாகப் படிக்க வேண்டும். நள்ளிரவு தாண்டி, இரண்டாவது பறப்புக்கு முன்னால், தலைமை விமானியும் நானும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு இதைப் படிக்கும்போது எங்கள் வாயில் வருவதை இங்கே எழுத முடியாது.

கோபம் கொஞ்சம் மீறிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிரிவுகளிலும் ஆள் குறைவு, வேலை அதிகம் என்பது தெரியும். அதனால் பணிவாகவே மறுபடி கேட்கிறேன். மூடிய ஓடுபாதை, குறைந்த நீளம், வேலை செய்யாத கருவி ஆகிய மூன்றையும் முதல் பக்கத்தில், விமான நிலையப் படத்தின்மேல் குறித்து, நாங்கள் இறங்கும் நேரத்துக்குப் பொருந்துகிறதா என்பதையும் கணக்கிட்டுக் கொடுங்கள். ஒரே நாளில் எல்லா நிலையங்களுக்கும் முடியாது என்றால், சேரும் நிலையத்துக்கு மட்டுமாவது செய்யுங்கள். அதுவரை நீங்கள் அனுப்பும் சுற்றறிக்கைகளில் நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

இப்படிக்கு,
பணிவுள்ள,
ஒரு துணை விமானி