எப்போது போடக் கூடாது என்பதையும் மூட்டையில் எழுதுங்கள்

மீன் தீவனம் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் தீவனத்தை வாங்கிக் குளத்தில் போடுகிற ஒரு மீன் வளர்ப்பாளன் எழுதுகிறேன்.

என் குளத்தில் வைரஸ் வந்த வாரம், காலையில் போட்ட குருணை பத்து மணிக்கும் ஊறிப் பெருத்து அப்படியே மிதந்துகொண்டிருந்தது. மீன்கள் தண்ணீர் விழும் குழாயடியில் கூடி நின்று வாயைத் திறந்து திறந்து மூடின. சாப்பிடாவிட்டால் தெம்பு போய்விடுமே என்ற பயத்தில், 'நோய் எதிர்ப்புத் தீவனம்' என்று போட்ட விலை கூடிய மூட்டையைப் பிரித்து இன்னும் இரண்டு கை வீசினேன். சாப்பிட்ட கொஞ்ச மீனும் மறுநாள் காலை கரையோரம் ஒதுங்கிக் கிடந்தது.

செரிமானத்துக்கு ஆக்சிஜன் வேண்டும் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. வயிறு நிறைந்த மீன், பட்டினி மீனைவிட அதிகமாகவே ஆக்சிஜனை இழுக்கும். செவுளோ இதயமோ பழுதாகி, ரத்தமும் குறைந்துபோன மீனுக்கு அந்தக் கூடுதல் சுமை தாங்காது. மிஞ்சிய தீவனம் அழுகி அம்மோனியாவைக் கூட்டுவது தனிக் கதை. ஜப்பானில் சிவப்புக் கடல் பிரீம் மீனுக்கு இரிடோவைரஸ் வந்தால் தீவனத்தை நிறுத்திவைப்பது பழகிப்போன வழி. அதனால் சாவு குறைவதையும் அங்கே பார்த்திருக்கிறார்கள். இங்கே எந்த மூட்டையிலும் 'நிறுத்து' என்ற சொல்லை நான் பார்த்ததில்லை. விற்கிறவர் அதை எழுத யோசிப்பார், புரிகிறது.

அதற்காகத் தீவனத்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்லவரவில்லை. நார்வேயில் 1999இல் சால்மன் பண்ணைகளில் இதயத்தையும் தசையையும் வீங்கவைக்கும் ஒரு நோய் முதலில் தென்பட்டது. பிறகு அதற்கு ஒரு ஆர்த்தோரியோ வைரஸ்தான் காரணம் என்று தெரிந்தது. கொழுப்பைக் குறைத்து, ஈ.பி.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பைக் கூட்டிய தீவனத்தை அந்த மீன்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தொற்று வரத்தான் செய்தது. ஆனால் இதயத்தில் விழுந்த புண் லேசாக இருந்தது, வீக்கமும் தாமதமாகத்தான் எழுந்தது. வைரஸைவிட, அதை எதிர்க்கிறேன் என்று உடம்பு கிளப்பும் அழற்சியே பல நேரம் அதிகம் கெடுக்கிறது; அதைத் தணிக்கத்தான் எந்தக் கொழுப்பு என்ற கேள்வி வருகிறது. நார்வே சால்மன் தீவனத்தில் 1990இல் சுமார் 90 சதவீதம் மீன்தூளும் மீன் எண்ணெயும்தான். 2013இல் அது 30 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது, மிச்சமெல்லாம் பெரும்பாலும் தாவரச் சரக்கு. செலவு கட்டாது, கடலிலும் அவ்வளவு மீன் இல்லை, குறை சொல்லவில்லை. ஆனால் மூட்டையில் 'கொழுப்பு 6 சதவீதம்' என்று மட்டும் போட்டால், அது எந்த எண்ணெய் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

தேறிவரும் மீனுக்கும் தனிக் கவனம் வேண்டும். சால்மனுக்கு வரும் கணைய நோயில், செரிமான நொதியைச் சுரக்கும் பகுதியே அழிந்துவிடுகிறது. அந்த மீனுக்குக் கொழுப்பு நிறைந்த வளர்ச்சித் தீவனத்தைப் போட்டால் பாதி செரிக்காமலே வெளியே வரும். எளிதில் செரிக்கும் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். வைட்டமின் சி இன்னொன்று. வளர்ப்பு மீன்களில் பெரும்பாலானவற்றால் அதை உடம்பில் தயாரிக்க முடியாது, புண் ஆறவோ அது வேண்டும். சாதாரண அஸ்கார்பிக் அமிலம் குருணை போடும் சூட்டிலும் கிடங்கிலும் அழியும். பாஸ்பேட் சேர்ந்த வடிவம் தாங்கும். எதைச் சேர்த்தீர்கள் என்று ஒரு வரி எழுத எவ்வளவு மை ஆகும்?

எங்கள் பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். காசு மிச்சம் பிடிக்கப் பச்சை மீன் கழிவை அரைத்துப் போடுகிறவர்கள் உண்டு. 1950களில் அமெரிக்காவின் வடமேற்கில், சால்மன் குஞ்சுகளுக்கு வேகவைக்காத சால்மன் கழிவைப் போட்டே பொரிப்பகங்களில் வைரஸைப் பரப்பினார்கள்.

சரி, நான் கேட்பது இதுதான். 'நோய் எதிர்ப்பு' என்று போட்டால் எந்த நோய்க்கு, எந்த மீனில் பார்த்தது, நோய் வருவதற்கு எத்தனை வாரம் முன்பே தொடங்க வேண்டும் என்று எழுதுங்கள். மீன் தீனி எடுக்காவிட்டால் நிறுத்தச் சொல்லுங்கள், மறுபடி எந்த அளவில் தொடங்குவது என்றும் சொல்லுங்கள். வைரஸுக்கு மருந்து இல்லாத குளத்தில் எங்கள் கையில் இருப்பது தீவன வாளி ஒன்றுதான். மூட்டையின் பின்பக்கம் பாதி காலியாகத்தான் இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மீன் வளர்ப்பாளன்