பூட்டுன ரூமுக்குள்ள புது மிஷின்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல பல் வைத்தியத்துக்கு வந்திருக்குற புது மிஷின்களைப் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. வாய்க்குள்ள ஸ்கேனரை விட்டு அளவெடுத்து, கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணி, மில்லிங் மிஷின்ல கேப் (பல்லு மேல மாட்டுற உறை) கடைஞ்சு எடுக்குறது வரைக்கும் நல்லா புரியுற மாதிரி இருந்துச்சு. ஆனா நாளைக்கு அந்த மிஷினைப் பிடிக்கப் போற படிக்குற பிள்ளைங்களைப் பத்தி அதுல ஒரு வரி கூட இல்ல, அதனாலதான் எழுதுதேன்.

எனக்கு ஊர் அம்பாசமுத்திரம். வெளியூர்ல ஹாஸ்டல்ல தங்கி பல் டாக்டர் படிப்பு, பி.டி.எஸ். மூணாம் வருஷம் படிக்கேன். காலேஜ் பேரு வேண்டாம், ஒரு காலேஜை குத்தம் சொல்லணும்னு இதை எழுதல.

எங்க படிப்புல முத ரெண்டு வருஷம் முக்காவாசி கை வேலைதான் சார். முத வருஷம் மெழுகுக் கட்டையில பல்லு செதுக்கணும். கீழ்த்தாடை முதல் கடைவாய்ப் பல்லுன்னா கன்னத்துப் பக்கம் மூணு மேடு, நாக்குப் பக்கம் ரெண்டு மேடு, நடுவுல பள்ளம், இது எல்லாம் ஒரு கார்வரை வச்சு சுரண்டிச் சுரண்டி வரணும், ஒரு மேடு ஒடஞ்சா திரும்ப புதுக் கட்டை. லீவுல வீட்டுக்கு வந்தப்ப தாத்தாகிட்ட காட்டுனேன். தாத்தா எங்க ஊர்ல பட்டறை வச்சு பிள்ளைங்க விளையாடுற செப்பு சாமான் கடைஞ்சவரு, மரத்துல அடுப்பு, பானை, அம்மின்னு சின்னச் சின்னதா, அரக்குல கலர் ஏத்தி. அவரு கண்ணாடி கூட போடல, கண்ணை மூடிக்கிட்டு பெருவிரலால அந்த மெழுகுப் பல்லைத் தடவிப் பாத்துட்டு, "ஏளா, இந்தப் பக்கம் ஒரு மயிரிழை கூடுதலா நிக்கி பாரு"ன்னாரு. காலேஜுக்குப் போயி டிவைடர் வச்சு அளந்தா அதே பக்கம் அரை மில்லிமீட்டர் கூட இருக்கு. கை பழகுறதுன்னா என்னன்னு எனக்கு அன்னைக்குத்தான் விளங்குச்சு.

ரெண்டாம் வருஷம் பல்லுல குழி எடுத்து அடைக்குறது. அதுக்கு பிடுங்குன நிஜப் பல்லு வேணும்னாங்க. அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஒரு பாட்டில்ல ஃபார்மலினை ஊத்தி எடுத்துக்கிட்டு அம்பை, கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவின்னு கிளினிக் கிளினிக்கா ஏறி இறங்குனோம். ஒரு டாக்டரம்மா எங்களுக்குன்னே சேத்து வச்சிருந்து கொடுத்தாங்க, அந்தப் பல்லை எல்லாம் கழுவி, காரை சுரண்டி, பிளாஸ்டர்ல பதிச்சு வச்சேன். பல்லைக் குடையுற ஏரோட்டர் நிமிஷத்துக்கு மூணு லட்சம் சுத்துக்கு மேல சுத்தும், தண்ணி வராம ஒரு நொடி வச்சாலும் பல்லு கருகி வாடை வந்துரும். அந்த வாடையை ஒரு தடவை மோந்தவங்க நோயாளி வாயில தண்ணி இல்லாம ஏரோட்டரை வைக்கவே மாட்டாங்க.

இப்ப புது மிஷின் விஷயத்துக்கு வாரேன். போன வருஷம் எங்க காலேஜுல ஸ்கேனரும் மில்லிங் மிஷினும் வாங்குனாங்க. முத நாள் டெமோ. எங்க மேடம் நான் கேப்புக்காக செதுக்கி வச்சிருந்த டைப்போடான்ட் (பழகுறதுக்கான பொம்மைத் தாடை) பல்லையே எடுத்து ஸ்கேன் பண்ணி பெரிய ஸ்கிரீன்ல போட்டாங்க. கேப்புக்காக வெட்டுன பல்லுல எதிரெதிர் சுவர் ரெண்டும் மேல போகப்போக சேந்து சரியணும், ரெண்டுக்கும் நடுவுல 6 டிகிரி இருந்தா நல்லதுன்னு புஸ்தகத்துல இருக்கும், கண்ணுக்கு அது எங்க தெரியுது? ஸ்கிரீன்ல நான் உள்வாங்கி வெட்டுன இடம் மட்டும் செவப்பா நிக்கி. ரெண்டு மாசமா எங்க கிளாஸ் சார் "அண்டர்கட் இருக்கு, அண்டர்கட் இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு, எனக்குப் புரியல, அன்னைக்கு அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சிருச்சு. திரும்பப் போயி இன்னொரு பல்லு வெட்டுனேன், சரியா வந்துச்சு. மிஷின் வேண்டாம்னு சொல்லுற ஆள் நான் இல்ல சார், அது எவ்வளவு நல்ல வாத்தியார்னு பாத்தவ.

அந்த டெமோவுக்குப் பொறவு ரூமைப் பூட்டிட்டாங்க. மிஷின் மேல துணி. யாராவது பார்வையிட வந்தா துணியை எடுப்பாங்க, அவங்க போன உடனே திரும்பப் போத்திருவாங்க. கேட்டா வெல கூடுன சாமான், பிள்ளைங்க ஒடச்சிருவீங்கன்னு பதில். சொல்லிக் கொடுக்கவும் ஆள் இல்ல, கம்பெனிக்காரர் ஒரே ஒரு நாள் வந்து காட்டிட்டுப் போனதோட சரி. லேப்ல இருந்த டென்டல் மெக்கானிக் அண்ணாச்சி ரிட்டயர் ஆகிட்டாரு, அவரு எடத்துக்கு இன்னும் ஆள் போடல. பிளாஸ்டர் கலக்குறப்ப காத்துக் குமிழி வராம பவுலை எப்படித் தட்டணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவருதான்.

பழைய லேப்பும் நாலு மணிக்குப் பூட்டிருதாங்க. இதுல என்ன நட்டம்னு ஒண்ணு சொல்லுதேன். பல்செட்டு செய்யுற அக்ரிலிக் பிளாஸ்டிக்கை முறையா வேக வைக்கணும்னா 74 டிகிரி தண்ணியில எட்டு மணி நேரம் கெடக்கணும், இல்லைன்னா அதே சூட்டுல ரெண்டு மணி நேரம் வச்சுட்டு பொறவு கொதி தண்ணியில ஒரு மணி நேரம். எங்க பேட்ச் அக்ரிலிக்கை அச்சுக்குள்ள பேக் பண்ணி முடிக்கவே ரெண்டரை ஆகிருச்சு, பூட்டுறதுக்குள்ள முடிக்கணும்னு நேரா கொதிக்குற தண்ணியில போட்டுட்டோம். அக்ரிலிக்குல கலந்திருக்குற மோனோமர்ங்குற திரவம் 100 டிகிரி தாண்டுன உடனே கொதிச்சு ஆவியாகிரும், பிரிச்சுப் பாத்தா செட்டுல கனமான இடம் பூரா ஊசி ஊசியா ஓட்டை. எங்க ஆச்சி பல்செட்டு போட்டிருக்காங்க, இப்படி ஒரு செட்டு அவங்க வாயில இருந்தா அந்த ஓட்டையில அழுக்கு சேந்து நாறிப்போகும், அழுத்திக் கடிச்சா பொளந்துரும். நாங்க செஞ்சது பரீட்சைக்கான மாடல், அதனால யாருக்கும் ஒண்ணும் ஆகல.

ஸ்கேனர் வந்துட்டா கை வேலை எதுக்குன்னு எங்க கிளாஸ்லயே சிலர் கேக்குதாங்க. ஸ்கேனர் நம்ம வெட்டுனதைத்தான் படம் எடுக்கும், வெட்டுறது கைதான். ஈறுகிட்ட ஓரம் தெளிவா இல்லைன்னாலோ, ரத்தமோ எச்சியோ மறைச்சாலோ, அந்த இடத்தை மிஷினும் தப்பாத்தான் எடுக்கும், கேப்பும் அங்கன ஒக்காராது. சிர்கோனியாங்குற பீங்கான் மாதிரி பொருள்ல செய்யுற கேப்பை மில்லிங்ல கால்வாசி கிட்ட பெருசாவே கடைஞ்சு எடுத்து 1500 டிகிரி சூளையில வச்சா சுருங்கி சரியான அளவுக்கு வரும்னு படிச்சு மனப்பாடம் பண்ணி பரீட்சை எழுதிட்டேன், மார்க்கும் வந்துச்சு. ஒரு தடவை கூட அந்தச் சுருக்கத்தைக் கண்ணால பாத்ததில்ல. எனக்கு அதைப் பாக்கணும் சார், கையில வச்சுப் பாக்கணும்.

பல் மருத்துவக் கல்லூரி நடத்துறவங்க கண்ணுல இந்தக் கடிதம் படணும்னு கேக்கேன். அண்ணாச்சி எடத்துக்கு ஒரு ஆளைப் போடுங்க, அந்த ஆளுக்குப் புது மிஷினைப் பழக்கி விடுங்க. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் லேப்பைத் தொறந்து வையுங்க. ஸ்கேனர் ரூமை வாரத்துக்கு ரெண்டு நாள் விட்டா போதும், நாலு நாலு பேரா முறை வச்சு வாரோம், ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுத்தான் சாவி வாங்குவோம், வேலை முடிஞ்சதும் தொடச்சு துணியைப் போத்திட்டு சாவியைக் கொண்டாந்து கொடுத்துருதோம்.

இப்படிக்கு,
பி.டி.எஸ். மூணாம் வருஷ மாணவி,
அம்பாசமுத்திரம்.