காற்று நின்ற மாலைக்கு யார் கணக்கு வைப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்வாரியத்தின் நட்டம் பற்றிய உங்கள் தலையங்கம், தனியாரிடம் யூனிட் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்ற ஒரு கேள்வியையே சுற்றி வந்தது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த யூனிட்டை எத்தனை மணிக்கு வாங்கினார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் இந்தத் தொழிலின் ஆபத்து விளங்கும்.

தமிழ்நாட்டில் நிறுவப்பட்ட காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் கணவாய்களில் மே முதல் செப்டம்பர் வரை காற்று வீசும். சீசனிலும் அது சீராக வீசாது. மதியம் தாராளமாகக் கிடைத்த மின்சாரம் மாலையில் சில ஆயிரம் மெகாவாட் குறைந்துபோவது உண்டு. சூரிய மின்சாரமோ பிற்பகலிலேயே சரியத் தொடங்கி, ஆறரைக்கு அடங்கிவிடும். வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் ஏசியும் ஒன்றாக ஓடத் தொடங்குவது அப்போதுதான்.

மின்கட்டமைப்பில் ஒரு நாள் என்பது 15 நிமிடங்கள் கொண்ட 96 தொகுதிகள். ஒவ்வொரு தொகுதிக்கும் எவ்வளவு எடுப்போம் என்று வாரியம் முன்கூட்டியே அட்டவணை கொடுக்க வேண்டும். ஒரு மாலையில் காற்றின் கணிப்பு 1,000 மெகாவாட் தவறுகிறது என்று வையுங்கள். ஒரு தொகுதிக்கு 2.5 லட்சம் யூனிட் பற்றாக்குறை. ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை 16 தொகுதிகள். மொத்தம் 40 லட்சம் யூனிட். மின்சந்தையில் அந்த நேரத்து விலை உச்சவரம்பான 10 ரூபாயைத் தொட்டிருந்தால், ஒரே மாலைக்கு 4 கோடி ரூபாய். சந்தையில் கிடைக்காமல் கட்டமைப்பிலிருந்து கூடுதலாக இழுத்தால், அட்டவணையை மீறியதற்கான விலகல் கட்டணம் விழும். 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய கட்டமைப்பின் அலைவெண், பற்றாக்குறையால் 49.90 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கிய நேரமாக இருந்தால் அது இன்னும் கடுமை. 2020 ஜூன் முதல் அரைமணிக்கு ஒருமுறை நடக்கும் ரியல் டைம் சந்தை இருப்பதால் கடைசி நேரத்தில் வாங்க முடிகிறது. ஆனால் அக்கம்பக்கத்து மாநிலங்களும் அதே மாலையில் அதே சந்தைக்குத்தான் வருகின்றன.

இதன் மறுபக்கம் இன்னும் கசப்பானது. அனல் மின் நிலையங்களோடு போட்ட நீண்டகால ஒப்பந்தங்களில் விலை இரண்டு பகுதிகளாக இருக்கும். எரிபொருளுக்கான பகுதியை எடுத்த யூனிட்டுக்கு மட்டும் கொடுத்தால் போதும். நிலைக்கட்டணத்தை, மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், நிலையம் தயாராக இருந்ததற்காகக் கொடுத்தே ஆக வேண்டும். ஓர் உதாரணம்: 500 மெகாவாட் ஒப்பந்தம், யூனிட்டுக்கு 2 ரூபாய் நிலைக்கட்டணம், 85 சதவீதத் தயார்நிலை. சீசனில் காற்று மிகுந்த ஒரு மாதம் முழுவதும் அதை ஓடவிடாமல் நிறுத்திவைத்தால், ஒரு யூனிட்கூட எடுக்காமல் 61 கோடி ரூபாய் போகும். "மலிவான காற்று மின்சாரம் கிடைத்தது" என்று மகிழ்கிற மாதத்தின் பில்லில் இந்தத் தொகையும் உட்கார்ந்திருக்கும். அதற்காக ஒப்பந்தமே வேண்டாம் என்றால், காற்று நின்ற மாலையில் 10 ரூபாய்க்குச் சந்தையில் நிற்க வேண்டும். எவ்வளவு மெகாவாட்டை ஒப்பந்தத்தில் கட்டிவைப்பது, எவ்வளவைச் சந்தைக்கு விடுவது என்பதுதான் இந்தத் தொழிலின் மையமான முடிவு. அதைப் பற்றிச் சட்டமன்றத்திலும் பத்திரிகைகளிலும் பேச்சே இல்லை.

சந்தையின் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்றும் நம்ப முடியாது. 2022 ஆகஸ்டில், உற்பத்தியாளர்களுக்குப் பாக்கி வைத்ததற்காக 12 மாநிலங்களுக்கும் ஜம்மு காஷ்மீருக்கும் மின்சந்தையில் வாங்க விற்கத் தடை விதிக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் தமிழ்நாடும் இருந்தது. கையில் பணம் இல்லாமை மின்தடையாக மாறுவதற்கு ஒரு நாள் போதும் என்பதை அது காட்டியது.

அடுத்து, விவசாயப் பம்புசெட். இலவச மின்சாரத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. உழவருக்கு அது வேண்டும். பிரச்சினை மீட்டரில் இருக்கிறது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. ஆகவே அவற்றின் நுகர்வு மதிப்பீடுதான்: மொத்தக் குதிரைத்திறனை, ஓடியதாகக் கொள்ளும் மணி நேரத்தால் பெருக்குவது. வாரியம் வாங்கிய மொத்தத்திலிருந்து மீட்டரில் பதிவான விற்பனையையும் இந்த மதிப்பீட்டையும் கழித்தால் மிஞ்சுவதே "மின் இழப்பு". மதிப்பீட்டைக் கூட்டினால் இழப்பு குறையும். குறைத்தால் இழப்பு கூடும். சராசரி 5 குதிரைத்திறன் கொண்ட 20 லட்சம் மோட்டார்கள் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கணிப்பு பிசகினாலே 75 லட்சம் யூனிட் இடம் மாறும். 300 பாசன நாட்களுக்கு ஏறத்தாழ 224 கோடி யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்றால் 1,560 கோடி ரூபாய்க்கும் மேல். நிலத்தடி நீர் இறங்க இறங்க, 5 குதிரைத்திறனுக்கு வாங்கிய இணைப்பில் ஏழரை மோட்டார் ஓடுவதும் நடக்கிறது. அதனால் கம்பியில் சூடு ஏறும், கடைசிக் கம்பத்தில் வோல்டேஜ் விழும், டிரான்ஸ்ஃபார்மர் எரியும். ஒவ்வொரு மோட்டாருக்கும் மீட்டர் வைக்க எதிர்ப்பு இருக்குமானால், விவசாய ஃபீடர்களை (துணை மின் நிலையத்திலிருந்து வரும் மின்பாதைகளை) தனியே பிரித்து, அவற்றின் டிரான்ஸ்ஃபார்மர்களில் மட்டுமாவது மீட்டர் வைக்கலாம். யாருடைய சலுகையும் பறிபோகாது. இழப்பு என்ற எண்ணுக்கு முதல்முறையாக ஒரு பொருள் கிடைக்கும்.

வருமானப் பக்கத்திலும் ஒரு பொருத்தமின்மை உண்டு. கட்டண உயர்வு இப்போது ஏப்ரல் மாத நுகர்வோர் விலைக் குறியீட்டோடு, 6 சதவீத வரம்புக்குள், இணைக்கப்பட்டிருக்கிறது. 2023 ஜூலையில் 2.18, 2024-ல் 4.83, 2025-ல் 3.16 சதவீதம் என்று வந்தது இப்படித்தான். இந்த உயர்வுகளுக்கு அடித்தளமான குறியீட்டில் உணவு, பானங்களின் பங்கு கிட்டத்தட்ட 46 சதவீதம். தக்காளியும் பருப்பும் மலிந்தால் மின்கட்டண உயர்வு சுருங்குகிறது. ஒடிசாவின் தால்சேர் நிலக்கரியோ, பாரதீப் துறைமுகத்திலிருந்து எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வரும் கப்பல் கூலியோ தக்காளியைக் கேட்டு நடப்பதில்லை. எட்டு ஆண்டுகள் உயர்த்தாமலிருந்து 2022 செப்டம்பரில் ஒரேயடியாக உயர்த்தியதைவிட இது மேல் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் எரிபொருள் விலையோடு தொடர்பில்லாத குறியீடு எரிபொருள் விலையின் ஆபத்தைத் தாங்காது. வசூலிக்காமல் தள்ளிவைத்த தொகையைக் காலவரையின்றி ஏட்டில் வைத்திருக்கவும் இனி முடியாது. பழைய நிலுவைகளை 2024 ஏப்ரலில் தொடங்கி ஏழு ஆண்டுகளுக்குள் தீர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தீர்ப்பளித்திருக்கிறது.

இதற்கிடையே அதிகக் கட்டணம் கட்டும் உயரழுத்த ஆலைகள் சொந்தக் காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் நகர்கின்றன. மின் நிலையத்தின் பங்கில் 26 சதவீதம் வைத்து, அதன் மின்சாரத்தில் 51 சதவீதத்தைத் தாங்களே நுகர்வதாகக் காட்டினால் பல ஆலைகள் கூட்டாகவும் சொந்த உற்பத்தி செய்யலாம். அவர்கள் போனதும் அதே கம்பி, அதே துணை மின் நிலையச் செலவு மிச்சமிருப்பவர்கள் தலையில் ஏறும். ஆனால் காற்று நின்றதும் அந்த ஆலைகள் திரும்பி வருவது வாரியத்திடம்தான். அந்தத் தயார்நிலைக்கு நேர்மையான ஒரு விலை வைக்க வேண்டும்.

புயலைப் பற்றி விரிவாக எழுதத் தேவையில்லை. 2018 நவம்பரில் கஜா ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்ததை டெல்டா மக்கள் மறக்கவில்லை. கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் புதைவடம் போட்டது சரியான வேலை. மாநிலம் முழுவதற்கும் அது கட்டுப்படியாகாது; கடலோர மருத்துவமனைகளுக்கும் குடிநீர் நிலையங்களுக்கும் போகும் ஃபீடர்களுக்காவது அதை முதலில் செய்யலாம்.

என் கோரிக்கைக்கு வருகிறேன். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 134, ஒரு நிறுவனத்தின் இருப்பையே அச்சுறுத்தக்கூடிய ஆபத்துகளை இயக்குநர் குழு அறிக்கையில் குறிப்பிடச் சொல்கிறது. அரசுக் கம்பெனியின் ஆண்டறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். பங்குச் சந்தையில் இருக்கும் மின் நிறுவனங்கள் முதலீட்டாளருக்காக இதை விரிவாக எழுதுகின்றன. வாரியம் என்று நாம் சொல்லும் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் முதலீட்டாளர் நாம் எல்லோரும். அந்த அறிக்கையில் நான்கு கணக்குகள் வேண்டும்: மாலை ஆறு முதல் பத்து வரை வாங்கிய யூனிட்டும் சராசரி விலையும், எடுக்காத மின்சாரத்துக்குக் கொடுத்த நிலைக்கட்டணம், மாதவாரியாக விலகல் கட்டணம், மீட்டரில் அளந்த விற்பனை தனியாக, மதிப்பிட்டது தனியாக. தொகுதிவாரியான அளவீடுகள் மின்சுமைப் பகிர்வு மையத்தில் ஏற்கெனவே பதிவாகின்றன. புதிதாக எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. அடுத்த கட்டண மனு மீதான பொது விசாரணைக்கு முன் இவை மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் தமிழில் வெளிவர வேண்டும். உங்கள் இதழும் இதைக் கேட்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி