ஸ்பீக்கர் மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்குவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை வாட்ஸ், எத்தனை இஞ்ச் வூஃபர் (கனத்த ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்), என்ன விலை என்றெல்லாம் விவரமாக எழுதியிருந்தார்கள். வாங்கி வந்த பெட்டிகளை எங்கே வைப்பது, ஒயரை எப்படி மாட்டுவது என்று ஒரு வரிகூட இல்லை. நான் கும்பகோணத்தில் ஆம்பிளிஃபயர் சர்வீஸ் செய்கிறவன். ‘சவுண்டு சரியில்லை’ என்று என் மேஜைக்கு வரும் செட்டுகளில் பலவற்றுக்கு ஒரு கோளாறும் இருப்பதில்லை.

சமீபத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். புது செட். கச்சேரி போட்டால் பாடுகிறவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்றே பிடிபடவில்லை, மிருதங்கமும் சத்தில்லாமல் ஒலிக்கிறது, பெரிய ஆம்பிளிஃபயராக மாற்றிவிடலாமா என்று கேட்டார். ஒரு பெட்டி பீரோ மேல், சுவர் மூலையை ஒட்டி இருந்தது. இன்னொன்று தரையில், சோபாவின் கை பாதி முகத்தை மறைத்தபடி. ஸ்பீக்கர் ஒயரின் இரண்டு இழையும் ஒரே கறுப்பு. இந்த மாதிரி ஒயரில் விரலால் தடவினால் ஓர் இழையின் மேல் மெல்லிய வரம்பு தட்டுப்படும், அதுதான் அடையாளம். மாட்டிக் கொடுத்துவிட்டுப் போன பையன் அதைப் பார்க்கவில்லை. இடது பெட்டியில் சிவப்பு டெர்மினலுக்குப் போக வேண்டிய இழை கறுப்பில் இருந்தது.

செட்டை அணைத்துவிட்டு அந்த இரண்டு முனைகளை மட்டும் இடம் மாற்றினேன். பெட்டிகளை இன்னும் நகர்த்தவில்லை. மறுபடி போட்டதுமே மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் பக்கம், ‘தொம்’ என்று விழுந்தது. அப்புறம் இரண்டையும் ஒரே உயர ஸ்டூலில், டிவிக்கு இருபுறமும் சம தூரத்தில் வைத்தேன். சார் எழுந்து போய் டிவிக்குப் பக்கத்தில் காதை வைத்துப் பார்த்தார். குரல் அங்கிருந்துதான் வருகிறது என்று அவருக்கு நிச்சயம். டிவி அணைந்து கிடந்தது.

ஸ்டீரியோவின் மொத்த வித்தையும் அந்த நடுக்குரல்தான். அங்கே ஸ்பீக்கர் கிடையாது. ஒரே குரலை இரண்டு பெட்டிகளும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் கொடுத்தால், அது நடுவிலிருந்து வருவதாக மூளை முடிவு கட்டிக்கொள்கிறது. ஈஎம்ஐ என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் இன்ஜினீயர் ஆலன் ப்ளம்லைன் 1931 டிசம்பரிலேயே லண்டனில் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்துவிட்டார். இரண்டு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேரத்திலும் அளவிலும் உள்ள சிறிய வித்தியாசத்தை வைத்து நாம் திசையை அறிகிறோம் என்பதுதான் அவர் பிடித்துக்கொண்ட நூல். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதைத் தொட்டபின் மறு காதைத் தொட ஒரு மில்லி செகண்டுகூட ஆகாது, அதில் முக்கால் பங்குக்கும் குறைவு. அந்த வித்தியாசமே காதுக்குப் போதும்.

இதை வீட்டுக் கணக்குக்குக் கொண்டு வருவோம். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகிறது. ஒரு மில்லி செகண்டில் 35 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழத்துக்கும் குறைவு. நீங்கள் உட்காரும் இடத்துக்கு ஒரு பெட்டி மற்றதைவிட அந்த அளவு கிட்டத்தில் இருந்தால் போதும், நடுவில் நிற்க வேண்டிய பாடகர் அந்தப் பெட்டிக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்வார். பேலன்ஸ் திருகி ஓரளவு இழுக்கலாம், முழுதாக வராது. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் கூடத்தில் ஊஞ்சல் உண்டு. பக்கவாட்டில் ஆடும் ஊஞ்சலில் உட்கார்ந்து ஸ்டீரியோ கேட்கிறவருக்குப் பாடகரும் கூடவே ஆடத்தான் செய்வார்!

சார் வீட்டில் போல ஒரு பெட்டியில் மட்டும் ஒயர் முனைகள் இடம் மாறுவதை ஃபேஸ் மாறுவது என்போம். அப்போது நடப்பது வேறு. ஒரு ஸ்பீக்கரின் கோன், அதாவது முன்னும் பின்னும் ஆடும் கூம்பு, காற்றை முன்னால் தள்ளும் அதே நேரத்தில் மற்றது பின்னால் இழுக்கிறது. 50 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த ஒலியின் அலைநீளம் 7 மீட்டர். ஆறடி இடைவெளியில் இருக்கும் இரண்டு பெட்டிகள் அந்த ஒலிக்கு ஏறக்குறைய ஒரே இடம் மாதிரிதான். ஒன்று தள்ளியதை மற்றது இழுத்துவிட, பேஸ், அதாவது அந்தக் கனத்த ஒலி, காணாமல் போகிறது. கீச்சென்ற மேல் ஒலியான ட்ரெபிளின் அலைகள் சில சென்டிமீட்டர்தான் என்பதால் அப்படி ஒட்டுமொத்தமாக அழியாது. ஆனால் நடுக்குரல் கலைந்து, இரண்டு காதுக்கும் வெளியே எங்கோ பரவி நிற்கும். சிலருக்குத் தலை வலிக்கும். இதைச் சரிசெய்வதாக நினைத்து பேஸ் குமிழை முழுக்கத் திருகி, கோனை ஆட்டும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் எரிந்துபோன வூஃபரோடு என்னிடம் வருகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

பரிசோதிக்க ஒரு 1.5 வோல்ட் டார்ச் பேட்டரி போதும். ஆம்பிளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றுங்கள். அந்த முனைகளில் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். ஆம்பிளிஃபயரின் சிவப்பில் இருந்த முனையில் பிளஸ் படும்போது வூஃபர் கோன் வெளியே வர வேண்டும். இரண்டு பெட்டியிலும் ஒரே மாதிரி நடந்தால் சரி. இரண்டுமே உள்ளே போனால்கூட ஸ்டீரியோவுக்குப் பாதகமில்லை, ஒன்று வெளியே ஒன்று உள்ளே என்பதுதான் ஆகாது. பெட்டியைத் திறந்து ட்வீட்டரில், அதாவது ட்ரெபிள் தரும் சின்ன ஸ்பீக்கரில், கை வைக்காதீர்கள். ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரின் கணக்குப்படி ட்வீட்டரை வேண்டுமென்றே தலைகீழாக இணைத்திருக்கும் பெட்டிகள் நிறைய உண்டு. தப்பாக இருக்கிறதே என்று அதை ‘திருத்தி’ வைக்கும் மெக்கானிக்குகளும் உண்டு. பேட்டரி இல்லையென்றால் செய்தி வாசிப்பு போட்டு, நடுவில் உட்கார்ந்து கேளுங்கள். குரல் ஒரு முகத்தின் அகலத்துக்குள் நின்றால் பிரச்சினை இல்லை.

பெட்டிகளை வைப்பதற்குப் பெரிய ஞானம் வேண்டாம், டெய்லர் டேப் இருந்தால் ஆயிற்று. இரண்டு பெட்டிகளுக்கு இடையே எவ்வளவோ, ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் தலைக்கும் அவ்வளவு. ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். மூலையில் தள்ளினால் பேஸ் வீங்கி மற்றதையெல்லாம் மூடிவிடும். சிக்கல் நம் ஹால்களின் அமைப்பில்தான். ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் வெறும் சுவர், மற்றதற்குப் பக்கத்தில் சமையலறைக்குப் போகும் வழி. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி ஒரு பக்கம் மட்டும் சேர, குரல் அந்தப் பக்கம் சாயும். அந்தச் சுவரில் ஒரு கனமான திரைச்சீலை போட்டால் பாதி சரியாகும். டைல்ஸ் தரையில் ஒரு ஜமுக்காளம் விரிப்பதும் நல்லது.

கல்யாண மண்டபங்களில் ஸ்டீரியோ தேவையில்லை. ஆனால் மேடைக்கு இருபுறமும் வைக்கும் பெட்டிகளில் ஒன்று ஃபேஸ் மாறியிருந்தால், நடு வரிசையில் தவிலின் கனம் போய்விடும். நடுவில்தான் சம்பந்திகள் உட்கார்ந்திருப்பார்கள். மைக் செட் நண்பர்கள் கோபித்துக்கொள்ளாமல் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது, இந்த பேட்டரி சோதனையையும் டேப் கணக்கையும் ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். செட் விற்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மாட்டித் தர ஆள் அனுப்பும்போது, ஓர் இழையில் சிவப்புக் கோடு போட்ட ஒயரைக் கொடுத்தனுப்புங்கள். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

இப்படிக்கு,
ஒரு ஆம்பிளிஃபயர் மெக்கானிக்,
கும்பகோணம்.