ஐயாவுக்கும் தோள் கொடுத்த எல்லாருக்கும்

யாழ். மத்திய கல்லூரிச் சமூகத்துக்கு வணக்கம்.

இன்று காலை ஊன்றுகோல் இல்லாமல் ஒழுங்கை முனைவரை நடந்துவிட்டு வந்தேன். வந்த கையோடு இதை எழுதுகிறேன். என் முழங்காலுக்கு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும்; அதைத் திரும்பச் சொல்ல மனமில்லை.

சத்திரசிகிச்சை செய்த வைத்தியர்கள், இரவிரவாகப் பார்த்த தாதிமார், லண்டனிலும் கனடாவிலும் காசு சேர்த்து அனுப்பிய பழைய மாணவர் அண்ணாமார், பாடக்குறிப்பைப் படமெடுத்து அனுப்பிய வகுப்புப் பெடியள், ஒரு நாளும் கூலி வாங்காத ஓட்டோ மாமா, எல்லாருக்கும் நன்றி. அம்மாவும் சொல்லச் சொன்னா.

எங்கள் கல்லூரியின் பழைய மாணவரான ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் கூட எழுத வேண்டும். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அறுபதுகளில் கல்லூரிக்காக உயரம் பாய்ந்தவர். உதைபந்து, கரப்பந்து இரண்டு அணியிலும் நின்றவர். வடக்கின் பெரும் சமர் கிரிக்கெட்டில் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கு எதிராகப் பந்து வீசியவர். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றபோது ஐயாவுக்குப் பத்து வயது. எங்கள் கல்லூரி அண்ணா பாய்ந்துவிட்டார் என்ற அந்த நினைப்பில்தான் தானும் பாயத் தொடங்கினாராம். அப்போது விழுந்தது மணலில். இன்று நாங்கள் விழும் மெத்தை அவர் வாங்கித் தந்தது.

நான் வீட்டுக்கு வந்த நாலாம் நாள் சைக்கிளில் வந்தார், கையில் ஒரு துவாயோடு. முதலில் முழங்கால் நேராக வேண்டும், மடக்குவது பிறகு என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நோவுக்குப் பயந்து நான் காலை அசைக்கவேயில்லை. ஐயா சுவரைப் பிடித்துப் பிடித்து விறாந்தையில் இருந்தார். அவருக்கும் மாற்று முழங்கால்தான். துவாயைச் சுருட்டி என் காலுக்குக் கீழே வைத்தார். அம்மாவிடம் இன்னொன்று கேட்டுத் தன் காலுக்கு வைத்தார்.

"தம்பி, நீ பத்துத்தரம் அமத்து. நானும் அமத்துறன்."

ஒவ்வொரு தரமும் ஐந்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். ஏழாவதில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காதமாதிரி எண்ணிக்கொண்டே இருந்தார். ஆறு கிழமை, காலை ஆறு மணி, ஒரு நாள் தவறவில்லை. ஒரு நாள் என் முழங்காலுக்கும் நிலத்துக்கும் இடையில் கையை நுழைத்துப் பார்த்தார். விரல் போகவில்லை. "சரி" என்றார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் 'சரி'க்காக இன்னும் ஆறு கிழமைகூட அமத்தியிருப்பேன்.

ஒவ்வொரு மாரிக்கும் முதல் அந்த மெத்தையைத் தறப்பாள் போட்டுக் கட்டுவதும் ஐயாதான் என்று போன கிழமைதான் மாஸ்டர் சொன்னார். மூன்று வருடம் அதில் விழுந்தெழும்பியிருக்கிறேன். யார் மூடுகிறார்கள் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

பாய்வதற்கு இன்னும் மாதக்கணக்கு இருக்கிறது. ஆனால் ஐப்பசி பிறக்க முன் கயிறோடு மைதானத்துக்கு வந்துவிடுவேன். ஐயா, இந்த முறை நீங்கள் கதிரையில் இருந்து முடிச்சு இறுக்கமா என்று பார்த்தால் போதும்.