இலக்கு எடையைத் தொட்ட மறுநாள்: பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

எடைக்குறைப்புப் பயிற்சி தரும் ஜிம் பயிற்சியாளர்களுக்கும் இணையவழி கோச்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் வந்து பதினைந்து, இருபது கிலோ குறைத்தவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் வந்ததில் உங்கள் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் கேட்க வந்தது வேறு: இலக்கு எடையைத் தொட்ட மறுநாள் அவர் எவ்வளவு சாப்பிட வேண்டும், எவ்வளவு பயிற்சி செய்ய வேண்டும் என்று உங்களில் எத்தனை பேர் உட்கார்ந்து சொல்கிறீர்கள்?

பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. எடையை இறக்குவதற்காகப் போட்ட டயட் சார்ட், இறங்கிய பிறகும் அப்படியே ஓடுகிறது. திரும்ப ஏறிவிடுமோ என்ற பயத்தில் அதிலும் இன்னும் கொஞ்சம் வெட்டு விழுகிறது. காலையில் கார்டியோ, மாலையில் வெயிட்ஸ், ஓய்வு நாளில் “சும்மா” ஒரு நீண்ட ஓட்டம். ஒரு வேளை கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டால் தண்டனையாக இன்னொரு மணி நேரம் ட்ரெட்மில். இதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டிய நீங்கள், மற்றவர்களிடம் இவரையே உதாரணமாகக் காட்டுகிறீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளையாட்டு மருத்துவத்தில் ஆற்றல் இருப்பு என்று ஓர் அளவு உண்டு. சாப்பிட்ட கலோரியிலிருந்து பயிற்சியில் செலவானதைக் கழித்து, மீதியைக் கொழுப்பு நீங்கலான உடல் எடையால் வகுக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு உடல் கொழுப்பு 25 சதவீதம் என்றால், கொழுப்பு நீங்கலான எடை 45 கிலோ. அவர் 1500 கலோரி சாப்பிட்டு, 600 கலோரியைப் பயிற்சியில் செலவழித்தால் மிஞ்சுவது 900. அதாவது கிலோவுக்கு 20. சுமார் 45 இருந்தால் உடல் தன் வேலைகளைக் குறையில்லாமல் பார்த்துக்கொள்ளும். 30க்குக் கீழே இறக்கினால், சில நாட்களிலேயே கருமுட்டை வெளிப்பாட்டைத் தூண்டும் ஹார்மோனின் சுரப்பு தடுமாறுவதை ஆய்வகத்தில் பெண்களிடம் அளந்து பார்த்திருக்கிறார்கள். 30 என்பது எல்லோருக்கும் அச்சாகப் பொருந்தும் எல்லைக்கோடு இல்லைதான். ஆனால் 20 எப்படிப் பார்த்தாலும் குறைவு. இத்தனைக்கும் 1500 கலோரியைப் பார்த்து யாரும் பட்டினி என்று சொல்லமாட்டார்கள். அதனால்தான் இது கண்ணில் படாமலே போகிறது.

பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014ல் ஓர் அறிக்கையில் இந்த ஆற்றல் பற்றாக்குறைக்கு ரெட்-எஸ் (RED-S, விளையாட்டில் ஏற்படும் ஒப்பீட்டு ஆற்றல் பற்றாக்குறை) என்று பெயர் வைத்து, 2018லும் 2023லும் அந்த அறிக்கையைப் புதுப்பித்தது. முன்பு இதைப் பெண் வீராங்கனைகளின் பிரச்சினையாக மட்டும் பார்த்தார்கள். இப்போது ஆண்களும் அந்தப் பட்டியலில் உண்டு. “அது ஒலிம்பிக் வீரர்களுக்குத்தானே” என்று நீங்கள் சொல்லலாம். வீரர்களுக்கு அணி மருத்துவர் இருக்கிறார், உணவு நிபுணர் இருக்கிறார். அலுவலகம் போய்க்கொண்டே நாளுக்கு இரண்டு வேளை பயிற்சி செய்கிறவருக்கு இருப்பது நீங்கள் மட்டும்தான்.

வரவு குறைந்த வீட்டில் அன்றாடச் செலவைக் காப்பாற்ற மற்றதையெல்லாம் தள்ளிப்போடுவார்களே, உடலும் அதைத்தான் செய்கிறது. முதலில் தள்ளிப்போவது இனப்பெருக்கம். மாதவிடாய் தள்ளிப்போகும், பிறகு நின்றே போகும். “கடுமையாகப் பயிற்சி செய்தால் அப்படித்தான் இருக்கும்” என்று சில பயிற்சியாளர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து சொல்லாதீர்கள். மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் குறைகிறது; அது குறைந்தால் எலும்பின் அடர்த்தியும் குறைகிறது. அதே எலும்பின் மேல்தான் தினமும் ஓட்டத்தின் அடி விழுகிறது. கணுக்காலுக்கு மேலோ பாதத்திலோ வலி வந்து, “சுளுக்கு” என்று கட்டுப்போட்டு, கடைசியில் ஸ்கேனில் மயிரிழை எலும்பு முறிவு தெரிய வருவது இப்படித்தான். இழந்த அடர்த்தி பின்னால் முழுமையாகத் திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. கருத்தடை மாத்திரை எடுப்பவர்களில் பலருக்கு மாதந்தோறும் ரத்தப்போக்கு வரும் என்பதால் இந்த அறிகுறியே மறைந்துவிடும். இதையும் கவனத்தில் வையுங்கள்.

ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறையும், பாலுணர்வு மங்கும், கட்டிய தசையே கரையும். வெட்கத்தில் பலர் வாயே திறக்கமாட்டார்கள்.

மற்றவை உங்கள் கண்ணுக்கே தெரியும். விரல்கள் சில்லிட்டுக் கிடக்கும். எழுந்து நின்றால் தலை சுற்றும். எடை வேகமாகக் குறைந்து இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிரும். நடுராத்திரியில் பசியோடு விழிப்பு வரும். அடிக்கடி சளி பிடிக்கும், சிடுசிடுப்பும் சேர்ந்துகொள்ளும். ஓய்வில் இதயத் துடிப்பு 50க்குக் கீழே இறங்கினால் “விளையாட்டு வீரரின் இதயம்” என்று மகிழ்ந்துபோகிறீர்கள். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் குளிரும் தலைசுற்றலும் கூடவே இருந்தால், அது செலவைக் குறைக்க உடல் எடுத்த முடிவு என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வேகமாக எடை இறக்குகிறவர்களுக்குப் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது.

மனசு படும் பாட்டுக்கு ஒரு பழைய ஆய்வு நல்ல சான்று. 1944-45ல் அமெரிக்காவின் மினசோட்டாவில், ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் ஏறக்குறைய 1600 கலோரி மட்டும் கொடுத்து, வாரம் சுமார் 35 கிலோமீட்டர் நடக்க வைத்தார். எல்லோரும் விருப்பப்பட்டு வந்தவர்கள். எடையில் கால் பங்கு போனது. அதோடு, அவர்கள் சிந்தனையைச் சாப்பாடு முழுசாகப் பிடித்துக்கொண்டது. சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், நண்பர்களை ஒதுக்கினார்கள், சோர்ந்தும் எரிந்துவிழுந்தும் திரிந்தார்கள். சோதனை முடிந்து சாப்பாடு கிடைத்த பிறகும் பலருக்குப் பசி அடங்கவில்லை. இன்று இணையத்தில் சுற்றும் டயட் சார்ட்டுகளில் 1600 கலோரி தாராளமான அளவு! அடுத்த முறை ஓர் உறுப்பினர் ராத்திரியில் கட்டுப்பாடு இழந்து சாப்பிட்டுவிட்டேன் என்று குற்ற உணர்வோடு சொன்னால், மன உறுதி பற்றிப் பேசாமல், பகலில் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள்.

“எடை ஒரே இடத்தில் நிற்கிறது” என்று வருபவருக்கு இன்னும் 200 கலோரியைக் குறைத்து, இன்னும் அரை மணி நேரப் பயிற்சியைக் கூட்டுவது உங்களில் பலருக்குக் கைவந்த பழக்கம். எடை குறையும்போது பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் இறங்குகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் ஏறுகிறது. ஓராண்டுக்குப் பிறகும் இந்த மாற்றம் நீடிப்பதை 2011ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கடும் பயிற்சியால் எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டு கழித்து அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்தபோது, ஓய்வில் அவர்கள் உடல் செலவழித்தது, அந்த உடல்வாகுக்கு எதிர்பார்க்கும் அளவைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. அந்த முடிவு 2016ல் வெளியானது. எல்லோருக்கும் இவ்வளவு ஆகும் என்றில்லை. ஆனால் எடை நின்றுபோனவரைச் சோம்பேறி என்று நினைப்பதற்கு முன் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது ஒன்று உண்டு. ஒல்லியானவர் சாப்பாட்டைத் தவிர்த்தால் வீட்டில் பதறுகிறார்கள். பருமனாக இருந்தவர் அதையே செய்தால் கைதட்டுகிறார்கள். எடை சாதாரண அளவிலோ அதற்கு மேலோ இருந்தும், பசியற்ற உளநோய்க்குரிய (அனோரெக்ஸியா, எடை ஏறிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கும் நோய்) மற்ற எல்லாம் ஒருவருக்கு இருக்கக்கூடும் என்பதை 2013ல் வந்த அமெரிக்க மனநோய் வகைப்பாடு தனியாகவே குறிப்பிடுகிறது. அப்படிப்பட்டவருக்கும் இதயத் துடிப்பு ஆபத்தாகக் குறையலாம், ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கலாம். பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் அளவு) சரியாக இருக்கிறதே என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். முதுகைத் தட்டிக்கொடுக்கும் ஒவ்வொரு பாராட்டும் அவரை இன்னும் உள்ளே தள்ளுகிறது. காய்ச்சலிலும் காயத்திலும் பயிற்சியை விடாதவர், ஒரு நாள் வர முடியாமல் போனால் தவித்துப்போகிறவர், எல்லோரோடும் சேர்ந்து சாப்பிடுவதைத் தவிர்க்கிறவர் உங்கள் ஜிம்மில் இருந்தால், அவருக்கு இன்னொரு சவால் கொடுக்காதீர்கள். தனியாக அழைத்து, எடையைப் பற்றிப் பேசாமல், எப்படி இருக்கிறார் என்று விசாரியுங்கள்.

சிகிச்சை உங்கள் வேலை இல்லை. மயக்கம், படபடப்பு, நின்றுபோன மாதவிடாய், ஆறாத எலும்பு வலி இவற்றில் ஏதாவது இருந்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புங்கள். ஈ.சி.ஜி., ரத்தத்தில் உப்புகள், தைராய்டு, இரும்புச்சத்து, தேவைப்பட்டால் எலும்பு அடர்த்தி என்று எதைப் பார்ப்பது என்பதை அவர் முடிவு செய்வார். வெகுநாள் மிகக் குறைவாகச் சாப்பிட்டவரைத் திடீரென்று நிறையச் சாப்பிடச் சொல்வதும் ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி இதயத்தையே பாதிக்கலாம். உணவைக் கூட்டுவதும் மருத்துவக் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும்.

உங்களால் முடிவது உங்கள் பேக்கேஜை மாற்றுவது. பன்னிரண்டு வாரத் திட்டம் இலக்கு எடையோடு முடிகிறது. அதற்குப் பிறகு இன்னும் எட்டு வாரத்தை அதே கட்டணத்துக்குள் சேருங்கள். அந்த வாரங்களில் கலோரி படிப்படியாக ஏறட்டும், கார்டியோ குறையட்டும், வாரத்தில் இரண்டு நாளாவது முழு ஓய்வு கட்டாயமாகட்டும். ஒன்றிரண்டு கிலோ ஏறி நிற்பது தோல்வி இல்லை என்று சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். சுவரில் தொங்கும் முன்-பின் படங்களுக்குப் பக்கத்தில், ஓராண்டு கழித்து எடுத்த படத்துக்கும் இடம் விடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஜிம் உறுப்பினர்களில் ஒருவர்