எண்ணெயும் புற்றுநோயும்: ஒரு வரியைத் திருத்த வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் சென்ற வாரம் வந்த கட்டுரையில், எண்ணெயையும் நெய்யையும் அறவே விட்டுவிட்டால் மார்பகப் புற்றுநோய் அண்டாது என்று எழுதியிருந்ததைப் படித்து மனம் பதைத்து இதை எழுதுகிறேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் என் அக்காவுக்கு மார்பகக் கட்டி அகற்றப்பட்டுக் கீமோ தொடங்கிய நேரத்தில், இதே போன்றதொரு குறிப்பைப் படித்துவிட்டு அவர் தாளிப்புக் கரண்டியையே பரணில் போட்டுவிட்டார். இட்லிப் பொடியை நல்லெண்ணெய்க்குப் பதில் வெந்நீரில் குழைத்துக்கொள்வார். வாய்ப்புண்ணோடு அதையும் விழுங்க முடியாமல் இரண்டே மாதத்தில் ஆறு கிலோ இளைத்தார். "சிகிச்சை முடிகிறவரைக்கும் எடை குறையக் கூடாதும்மா, குழைந்த சோற்றில் நெய் விட்டுச் சாப்பிடுங்கள்" என்று உணவியல் நிபுணர் எடுத்துச் சொன்ன பிறகே அவர் தேறத் தொடங்கினார்.

கொழுப்பின் மீது ஐயம் எழக் காரணம் இல்லாமலில்லை. கொழுப்பை மிகுதியாக உண்ணும் நாடுகளில் மார்பகப் புற்றுநோய் இறப்பும் மிகுதி என்பதை 1970களில் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். ஆனால் அந்நாடுகள் உடல் எடை, பிள்ளைப்பேறு, உழைப்பு எனப் பலவற்றிலும் வேறுபட்டவை. இதைத் தீர்க்கவே அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 48,835 பெண்களைக் கொண்டு பெரியதோர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் கொழுப்பைக் குறைத்துக் காய், பழம், தானியங்களைக் கூட்டிக்கொண்டனர். சுமார் எட்டாண்டுகளுக்குப் பின் 2006இல் வெளியான முடிவில், அவர்களிடம் மார்பகப் புற்றுநோய் 9 சதவீதம் குறைவாக இருந்தபோதிலும், அது தற்செயலாகவும் இருக்கலாம் என்னும் அளவுக்கே இருந்தது; பெருங்குடல் புற்றுநோயோ குறையவே இல்லை. பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அவர்களிடையே மார்பகப் புற்றுநோயால் நேர்ந்த இறப்பு குறைந்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் அது கொழுப்பைக் குறைத்ததால் மட்டும் வந்ததா, காய்கனிகளாலும் சற்றே குறைந்த எடையாலும் வந்ததா என்று பிரித்துச் சொல்ல இயலாது.

உறுதியாகத் தெரிந்தது வேறொன்று. உடலில் மிகுதியாகச் சேரும் கொழுப்புக்கும் 13 வகைப் புற்றுநோய்களுக்கும் தொடர்புண்டு என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016இல் அறிவித்தது. மாதவிடாய் நின்ற பின், மார்பகப் புற்றுநோயைத் தூண்டக்கூடிய ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் சுரப்பது பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் என்பதால், எடை கூடக்கூட மார்பகத்துக்கு ஆபத்தும் கூடுகிறது. ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி உண்டு. ஆகவே நலமாக இருப்பவர் அளவோடு உண்பது நல்லதே. ஆனால் அந்த அறிவுரை எடை கூடாமலிருக்கச் சொல்லப்படுவது. சிகிச்சையில் மெலிந்துவரும் நோயாளிக்கு அது பொருந்தாது.

ஆகவே அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறும், கீமோ எடுத்துக்கொள்பவர்கள் என்ன உண்ணலாம் என்பதைப் புற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றும் உணவியல் நிபுணர் ஒருவரைக் கொண்டே தனிக் கட்டுரையாக எழுதச் செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கும்பகோணம்